அப்பா கேட்கச் சொன்ன ஜெபம்

ஒவ்வொரு காலையிலும் ஃபிராவ் கெல்லர் என்ற மூதாட்டி எனக்குக் கைகொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மேற்கு ஜெர்மனியில் சபை நடத்தும் இந்த முதியோர் இல்லத்தில், ஒன்றரை வருடமாக அவருக்கு முகம் கழுவிச் சாப்பாடு ஊட்டுவது நான்தான். ஆனாலும் தினமும் நான் அவருக்குப் புது ஆள். "எங்கிருந்து வருகிறாய்?" என்பார். "சிலோன்" என்பேன். "ஆ, தேயிலை!" என்பார். கல்முனையில் கடலையும் வயலையும் பார்த்து வளர்ந்தவன் தேயிலைச் செடியைக் கண்டதே மலைநாட்டுப் பதுளைக்குப் போனபோதுதான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? தலையாட்டிவிட்டுப் பாணில் ஜாம் பூசுவேன்.

மாலையானால் அந்தக் கலகலப்பு போய்விடும். "வீட்டுக்குப் போகவேண்டும், அம்மா தேடுவார்" என்று கதவைப் பிடித்து இழுப்பார். ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொன்னேன். உங்கள் அம்மா இறந்து நாற்பது வருடமாகிறது என்றேன். அன்றைக்குத்தான் செத்தவீடு என்பதுபோல அழுதார். மறுநாளும் கேட்டார், மடையன் நான், மறுநாளும் சொன்னேன். வாரம் ஒருமுறை வரும் போதகர்தான் என்னைத் தடுத்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்தவர்கள் சிறுவயதிலேயே மனப்பாடமாக்கும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். பெற்ற மகளின் பெயர் தெரியாத அந்த மனுஷி ஒரு சொல் பிசகாமல் ஆமென்வரை சொல்லி முடித்தார். பிறகு பேசாமல் சூப் குடித்தார்.

அடுத்த நாள் நானும் அப்படியே செய்வதைத் தலைமைத் தாதி கண்டுவிட்டார். "இங்கே வந்துதான் மதம் மாறினாயா?" என்று கேட்டார். "இல்லை, ஐந்து தலைமுறையாக நாங்கள் மெதடிஸ்த சபை" என்றேன். "அது புத்த மதத்தில் ஒரு பிரிவா?" என்றார், மிகுந்த அன்போடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

உண்மையில் இதை நான் ஜெர்மன் போதகரிடம் கற்றிருக்கத் தேவையில்லை. என் அப்பா கல்முனையில் உபதேசியார். வீடு வீடாகப் போய் நோயாளிகளோடு ஜெபிப்பது அவருடைய வேலை. எழுபதுகளின் கடைசியில், முதுமையில் ஞாபகம் தப்பி அறளை பெயர்ந்து படுத்திருப்பவர்களைப் பார்க்க வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சைக்கிளில் போய்வருவார். பெற்ற பிள்ளையையே தெரியாதவர்களுக்கு ஜெபம் ஒரு கேடா என்று நான் நக்கலடிப்பேன். "அவங்களுக்கு ஞாபகமில்லாட்டி என்ன மனே, ஆண்டவருக்கு அவங்கள ஞாபகமிருக்குதானே" என்பார்.

இப்போது அறளை பெயர்ந்திருப்பது அப்பாவுக்கு. அக்காவின் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. "தம்பி, அப்பா சொல்லாமக் கொள்ளாம வெளிக்கிடுறார். எப்பவோ செத்துப்போன ஆக்களுக்கு ஜெபிக்கப் போறன் எண்டு சொல்றார். ஆமிக்காரன் நிக்கிற சந்திக்கும் போறார், ரோட்டுக்கு அங்கால முஸ்லிம் பக்கமும் போறார். நில் எண்டா அவருக்கு விளங்காது."

அது என்ன காலம் என்று ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே சந்தையில் மீன் வாங்கிய தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பக்கம் ஒருவர் போக அஞ்சிய காலம். எல்லோருக்கும் இருந்த அந்தப் பயத்தை அப்பா மறந்துவிட்டார். அவருடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நான் இங்கிருந்து பயந்தேன். மூன்று வாரப் பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரிடம் கேட்பது? என் அகதி வழக்கு முடியவில்லை. போனால் திரும்பி வர முடியாது.

ஒருநாள் ரோட்டுக்கு அப்பால், முஸ்லிம் பக்கத்துத் தெருவில் நாலைந்து பேர் அப்பாவைச் சூழ்ந்துவிட்டார்களாம். காப்பாற்றியவர் புடவைக்கடை இஸ்மாயில் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னதை அக்கா அடுத்த கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தாள். "உபதேசியார் என்னோட வரமாட்டன் எண்டு நிண்டுட்டார் தங்கச்சி. பள்ளிக்கூடத்தில சொன்ன ஜெபத்தத் தொடங்கினன். அவரும் சொல்லிக்கிட்டே பின்னால வந்துட்டார். இனி வெளிய விடாதீங்க. எங்கட பக்கமும் சரி, உங்கட பக்கமும் சரி, எல்லாரும் ஒரு மாதிரி இல்ல."

நான் சொன்னால் அப்பா கேட்பார் என்று அக்கா நம்பினாள். காக்காவின் கடையில் தொலைபேசி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து இருவரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பேசுவதற்காகவே அப்பா அந்த ரோட்டைக் கடக்க வேண்டும்.

தொலைபேசிக் கூண்டிலிருந்து கடைக்கு அழைப்பு எடுத்தேன். "அப்பா, நான் உங்கட மகன்" என்றேன். "ஆரு?" என்றார். பதற்றத்தில், ஃபிராவ் கெல்லரிடம் செய்த அதே பிழையைச் செய்தேன். "வெளிய போகாதீங்கப்பா, சுட்டுப்போடுவானுகள்!" என்று கத்தினேன்.

"ஆரச் சுடுறது? ஏன் சுடுறது?" குரல் நடுங்கியது. "என்ன விடுங்க, நான் போகணும்." ஏதோ விழுந்து உடையும் சத்தம். "அப்பா, ரோட்டுக்குப் போகாதீங்க!" என்று அக்கா அலறினாள். நானே அவரைத் தெருவுக்குத் துரத்திவிட்டேனே!

"காக்கா! ரிசீவர அப்பாட காதுல வைங்க!" என்று கத்தினேன். மூச்சு இரைப்பது கேட்டதும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். முதல் வரியில் பதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அப்பா வந்து சேர்ந்துகொண்டார். ஆமென் சொல்லும்போது என்னை முந்திவிட்டார்.

"நல்லா ஜெபிக்கிறீங்க ஐயா" என்றார். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "எனக்கு ஒரு மகன் இருக்கான். தூரத்தில. பயந்த பொடியன். அவனுக்கும் ஒருக்கா ஜெபிங்க."

கண்ணை மூடி, என் பெயரை வேறு யாருடையதோ போலச் சொல்லித் தொடங்கினேன். "ஆண்டவரே, அவனை…" எதைக் கேட்பது?

"ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாரும் எண்டு கேளுங்க ஐயா" என்று அப்பா எடுத்துக்கொடுத்தார்.

கேட்டேன். அந்த ஜெபம் பலித்துவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன்.