சிவப்புக் கயிற்றின் நுனி

மெல்பேர்ணில் என் கராஜுக்குள் ஓர் ஆணியில் இன்னும் அந்தச் சிவப்புக் கயிறு தொங்குகிறது. எழுபதுகளில் ஆளரவமில்லாத மலைகளில் பனியில் சறுக்கப் போகிறவர்கள் அதை இடுப்பில் கட்டி, மிச்சத்தைப் பின்னால் இழுபட விடுவார்கள். பனி சரிந்து ஆளை மூடினாலும் கயிற்றின் ஒரு துண்டாவது வெளியே தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு தோண்டலாம் என்பது கணக்கு. கராஜைத் துப்புரவாக்கும்போதெல்லாம் எறிவதற்கென்று கையில் எடுப்பேன். பிறகு அதே ஆணியில் மாட்டிவிடுவேன்.

ஒருநாள் மலையில் அதன் நுனியைப் பிடித்தவன் என் மச்சான், மனைவியின் அண்ணன். இலங்கை மலைநாட்டில் வீதி போட்ட இஞ்சினியர். மழைக்கு மண் சரிந்து வீடுகளை மூடியதைக் கண்ணால் பார்த்தவன். இங்கே இருவருக்கும் ஒரே அலுவலகம். எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி விடுமுறை நாட்களில் எங்களை மலைக்குக் கூட்டிப்போவார். நல்ல மனிதர். கூப்பிட்டவரின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. வயிறு நிறைந்த பிறகும், போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழும்புகிற ஆட்கள் நாங்கள்.

அன்றைக்கு முந்திய இரவெல்லாம் காற்று புதுப்பனியை அள்ளிவந்து, நாங்கள் இறங்கவேண்டிய சரிவில் கொட்டியிருந்தது. மச்சான் காலில் மாட்டிய ஸ்கீப் பலகையால் ஒருதரம் மிதித்தான். வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் உள்ளே ஒரு சத்தம். ஸ்கீயின் முனையிலிருந்து பனியில் ஒரு வெடிப்பு ஓடியது, சரியப்போகும் மண்ணில் ஓடுவதுபோல். கொஞ்சம் யோசிக்கலாமா என்று மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் இழுத்தான். போன வருடமும் இதில்தான் இறங்கினேன் என்று அவர் சிரித்தார். மச்சானும் கூடவே சிரித்தான். அவர் இறங்கிவிட்டார். அடுத்தது நான். எனக்கோ கால் துறுதுறுத்தது. எவ்வளவு நேரம்தான் நிற்பது?

இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு இழுத்தது. திரும்பினால், மச்சான் அதன் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறான்.

“எங்கை போறாய், மச்சான்?”

புறப்படுகிறவனைப் பின்னால் நின்று கேட்கவே கூடாத கேள்வி. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்சநேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பாழாய்ப்போன கால் நின்றுவிட்டது.

“உனக்கென்ன விசரா?” என்று ஏசிக்கொண்டே பனியில் குந்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

“ஆறுதலாக் குடி,” என்றான். “நீ எழும்பினால் திரும்பவும் கேப்பன்.”

எழும்பினேன். கேட்டான். கடைசியில் முகட்டைச் சுற்றி நடந்தே இறங்கினோம்.

அந்தச் சரிவு சரியவில்லை. மேலதிகாரி கீழே சுகமாக நின்று கைகாட்டினார். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. மானம் போன கோபத்தில் மச்சானோடு பல நாட்கள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. சரிந்திருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், அதோடு விஷயம் முடிந்திருக்கும். சரியாததால்தான் இன்றுவரை மனம் அடங்கவில்லை. ஒருவரைத் தாங்கிய பனி, என் பாரத்தையும் தாங்கியிருக்குமா? கேட்கலாம் என்றால் அவனும் இப்போது இல்லை.

போன சனிக்கிழமை மகள் மலைக்குப் புறப்பட்டாள். பனிக்குள் புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வெட்டி எல்லாம் பையில் இருந்தன. கார்க் கதவைத் திறந்தவளிடம் என் வாய் கேட்டுவிட்டது.

“எங்கை போறாய்?”

“டாட், ப்ளீஸ்.” முறைத்துப் பார்த்தாள். மாமாவின் கயிற்றுக் கதை அவளுக்கு மனப்பாடம். பிறகு பையை இறக்கி வைத்து, வாசற்படியில் குந்தி, தண்ணீர் குடித்தாள்.

“எழும்பினால் திரும்பவும் கேப்பீங்களோ?”

“ஓம்,” என்றேன்.