இன்ச் அக்காவின் வலது கை

சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, அதன்மேல் சாய்ந்து மேலும் கீழுமாக உரசிக்கொண்டிருந்தார் இன்ச் அக்கா. கண்கள் மூடியிருந்தன, வாய் மட்டும் ஓயவில்லை. "எனக்கு வலிக்கிறது முன்பக்கம். பந்து உருளுறது பின்பக்கம். இது என்ன கணக்குன்னு நீயாவது சொல்லேன் தம்பி." திரைச்சீலை தைக்கும் எங்கள் பட்டறையில் வளையம் கோர்ப்பவன் நான். எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டி வைத்தேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தோரு வருடமாக அதே மெஷின், அதே நாற்காலி. எதையும் இன்ச்சில் சொல்வதால் அந்தப் பெயர். பஸ்ஸை விட்டுவிட்டு வந்தால் "ரெண்டு இன்ச்சுல போச்சு" என்பார். கணவருக்குக் கோபம் என்றால் "மூஞ்சி ஒரு இன்ச் நீண்டிருச்சு" என்பார். கனத்த துணியைத் தள்ளித் தள்ளியே, ஆறு மாதமாக அவருடைய வலது கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது. கழுத்தும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டது. தைத்த திரையை ஏழடி உயரக் கம்பியில் மாட்டி, மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். அவருக்குப் பதிலாக நான் போய் மாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் முடியட்டும்மா. கை ஏறலைன்னா பிசிறு மேசைக்கு மாறிக்க." தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் இடம் அது. நோகாத வேலை. அன்று அக்கா கழிப்பறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அங்க போனா அப்புறம் நான் ஆளே இல்ல தம்பி."

பிசியோதெரபி பார்க்கும் பெண், முதுகில், தோள்பட்டை எலும்பை மூடிய தசையில் ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாராம். வலி முன்தோளில் பாய்ந்ததாம். "முடிச்சு இங்க இருக்கு, வலி அங்க தெரியுது. முடிச்ச அமுக்கித் தளர்த்திட்டு, அப்புறம் தசைய நீட்டணும்" என்றாராம். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஒழுகுறது என் வீட்டுக் குழாய், தட்டுறது பக்கத்து வீட்டுக் கதவு!" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனாலும் சொன்னதைச் செய்தார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். பத்து மூச்சு அப்படியே. இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே என்னை டேப் பிடிக்கச் சொல்வார். அஞ்சரை இன்ச் நாலே முக்கால் ஆகியிருக்கும். "குறைஞ்சா நல்லதா, கெட்டதா?" என்று தினமும் கேட்பார்.

வீட்டில் அமுக்கும் வேலை கணவருக்கு. லிஃப்ட் பழுது பார்ப்பவர், விரல்கள் இரும்பு. அவர் இடம் தப்பிவிடக் கூடாதே என்று, அக்கா துணியில் குறி போடும் தன் சாக்பீஸைப் பிசியோ பெண்ணிடமே கொடுத்து, குப்புறப் படுத்தபடி சட்டையின்மேல் மூன்று குறி போட்டு வாங்கி வந்தார். வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் சட்டையோடு குறியும் நழுவிவிட்டது. கணவரோ குறி பிசகாமல் எட்டு நாள் வெறும் எலும்பை அமுக்கினார். வலி இரட்டிப்பானது. விஷயம் தெரிந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். கை ஏறவில்லை. இடது கையால் அடித்துக்கொண்டார். "துணி நழுவும், பாத்துப் பிடின்னு ஊருக்கே சொல்றவ நான்! என் முதுகுல கிடக்குறது நழுவும்னு தோணலையே!"

பிறகு குறி இல்லாமல் தடவித் தேடினார்கள். மறுநாள் இருவர் குரலிலும் எனக்கு நடித்தே காட்டினார்.

"அங்க இல்லீங்க, ஒரு இன்ச் உள்ள... ஐயோ, அதேதான்!"

"எங்க வலிக்குது?"

"முன்னாடி."

"நான் பின்னாடியில்ல அமுக்குறேன்?"

"எனக்கும்தான் புரியல. பேசாம அமுக்குங்க."

அதற்கப்புறம் தினமும் அந்த இடத்தில்தான் அமுக்கு. மாதக் கடைசி நாள். முதலாளி காலையிலேயே வந்து நின்றார். "எங்க, கையத் தூக்கும்மா பாப்போம்." அக்கா என்னைப் பார்த்தார், பிறகு தன் கையை, வேறு யாருடையதோ போலப் பார்த்தார். கை தோள்வரை வந்து தயங்கியது. அப்புறம் காதைத் தாண்டி நேராக மேலே போய் நின்றது. பட்டறையே கைதட்டியது. அக்காவின் முகத்துக்கு மட்டும் சந்தோஷம் இன்னும் வந்து சேரவில்லை.

"வலி எங்க போச்சு?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"எங்கயோ போகட்டும். மெஷின் உன்னோடதுதான்மா. கைய எறக்கு" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டே இன்னொரு முறையும் சொன்னார்.

அக்கா கையை இறக்கவில்லை.