ஈரக் கைலியோடு மதுரைக்கு

சின்ன வயதில் பம்ப் இருந்த காலம் முழுக்க எனக்குக் குளியல் என்றால் ஈரத்துணித் துடைப்புதான். நெஞ்சுக்குள் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்ப், வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் வயர், தோளில் பேட்டரிப் பை. வயர் வந்த இடம் நனையக் கூடாது. ராத்திரி சுவரில் பிளக்கை மாட்டிவிட்டுப் படுப்பேன். கரண்ட் போனால் நான் தூங்குவேன், உம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மாற்று இதயம் கிடைத்ததும் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று போனும் கையுமாகவே இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான் அலுத்துவிட்டது, என்னை யார் கேட்டார்கள்?

சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் யாரும் வீடு தங்கமாட்டார்கள். மாமா எல்லாரையும் வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கிளப்பினார். மாமா பிள்ளைகள் அருவியில் கத்திக்கொண்டிருக்க, நானும் உம்மாவும் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் மதுரையிலிருந்து போன் வந்தது.

உம்மா கூப்பிட்டதும் அருவியிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்தார் மாமா.

"அல்ஹம்துலில்லாஹ்! ஏட்டி, கிடைச்சிட்டுட்டி ஒனக்கு!"

மாமியையும் பிள்ளைகளையும் ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு, ஈரக் கைலியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். உம்மா மட்டும் வாய்க்குள், "இன்னா லில்லாஹி" என்றாள். மௌத்து, அதாவது சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீடுகளில் சொல்லும் வார்த்தை அது. நல்ல சேதிக்குப் போய் அதைச் சொல்கிறாளே என்று எனக்குத் திக்கென்றது.

வாசுதேவநல்லூர் தாண்டுவதற்குள் இரண்டாவது போன். அந்த இதயம் சரிப்படாதாம், திரும்பிப் போகச் சொன்னார்கள். மாமா வேனை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். கைலி காய்ந்தே போயிருந்தது.

"ஒன்னாலதான் போச்சு. நீ ஏன் அதச் சொன்ன?" என்று உம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லணும்ட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். வயர் வந்த இடத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள், பேட்டரியை மாற்றினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை ஏந்தி துஆ கேட்டாள். எனக்காகத்தான் கேட்கிறாள் என்று காதைக் கொடுத்தேன்.

"அந்தப் பிள்ளையப் பெத்தவளுக்குப் பொறுமையக் குடு, ரப்பே."

எந்தப் பிள்ளை, யார் பெற்றவள் என்று எனக்கு ஒரே எரிச்சல். இதயங்களை மதுரையில் எங்கேயோ வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், என் முறை வந்ததும் ஒன்றை எடுத்துத் தருவார்கள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.