பூட்டிக்கிடந்த மண்டபத்தில பதினாலு பேர் ஓடின கதை

மூண்டு வருசத்துக்கு முந்தி, டோர்ட்முண்ட் பக்கம் நான் தொழில் படிக்கப் போன பள்ளிக்கூடத்தில நடந்தது இது. கிழமையில மூண்டு நாள் ஒரு கொம்பனியின்ர கிட்டங்கியில பெட்டி தூக்குவன், மிச்சம் ரெண்டு நாள் பள்ளிக்கூடம். இஞ்ச இதை அவுஸ்பில்டுங் எண்டு சொல்லுவினம். படிப்பில நான் எப்பிடி எண்டு கேக்காதேங்கோ. வாத்திமார் ஒரு பெருமூச்சு விட்டிட்டுத்தான் என்ர பேரைக் கூப்பிடுவினம். பகிடி விடுறதில மட்டும் வகுப்பிலயே முதலாம் பிள்ளை.

அந்தப் பள்ளிக்கூடத்தில வியாழக்கிழமைப் பின்னேரம் ஒரு ஓட்டக் குழு இருந்தது. ஓட்டம், நீளம் பாயிறது, குண்டு எறியிறது எல்லாம் பழக்குவினம். நான் விளையாட்டு ஆசையில சேரேல்லை. குழுவுக்குப் போற ஆக்களைக் கடைசிக் கணக்குப் பாடத்தில இருந்து அரை மணித்தியாலம் முந்தி விடுவினம், அதுக்காகச் சேர்ந்தனான். முதல் நாளே குண்டை எறியிறன் எண்டு என்ர காலடியிலயே போட்டன். நல்லகாலம், விரல் தப்பினது.

பழக்கினவ ஒரு ஜெர்மன் மனிசி. அம்பது வயசு இருக்கும், கட்டைக் குரல், கழுத்தில எப்பவும் விசில் தொங்கும். நான் அவவுக்கு விசில் அக்கா எண்டு பேர் வச்சன். அக்கா எண்டால் என்ன எண்டு கேட்டா, பெரிய மரியாதைச் சொல் எண்டன். அதுக்குப் பிறகு துருக்கிப் பெடியள், போலந்துப் பெட்டையள் எல்லாரும் "அக்கா, அக்கா" எண்டுதான் அவவைக் கூப்பிட்டவை. அவவுக்கும் அது பிடிச்சுப் போச்சு.

குழுவில உண்மையா ஓடினது எண்டால் ஒரே ஒரு ஆள்தான். எரித்திரியாவில இருந்து தனிய வந்த ஒரு பெட்டை. பேக்கரியில வேலை பழகினவள். நல்ல உயரம். நான் ஒட்டகச்சிவிங்கி எண்டு கூப்பிடுவன். அவளும் விடமாட்டாள். "ஓம், மேல இருந்து பாக்கத்தானே தெரியுது, உன்ர தலைக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு" எண்டுவாள். மற்ற நேரம் பகிடிதான், ஆனால் அவள் எண்ணூறு மீற்றர் ஓடத் தொடங்கினால் நானே வாயை மூடிப்போடுவன். அப்பிடி ஒரு ஓட்டம். காலடிச் சத்தமே கேக்காது.

ஆனி மாசம் எங்கட மாநிலத்துத் தொழிற்பள்ளிக்கூடங்களுக்கு ஒரு போட்டி இருந்தது. அதில நல்ல நேரத்தில ஓடினாளெண்டால் அவளைத் தாங்கள் எடுக்கிறம், தங்க ஒரு தனி அறையும் தாறம் எண்டு பெரிய விளையாட்டுக் கழகம் ஒண்டு அக்காவுக்குச் சொல்லியிருந்தது. அப்ப அவள் அகதி விடுதியில நாலு பேர் ஒண்டா இருக்கிற அறையில இருந்தவள். நாங்கள் பெடியள் காரைப் பற்றிக் கதைக்கிற மாதிரி அவள் அந்த அறையைப் பற்றிக் கதைப்பாள். "உள்ளுக்கு இருந்து கதவைப் பூட்டலாம், தெரியுமோ?" எண்டு கேப்பாள். பூட்டிப்போட்டு என்ன செய்யப் போறாய் எண்டு கேட்டன். "நித்திரை கொள்ளுவன்" எண்டாள்.

குழுவுக்குக் காசு குடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, நகரசபை. அக்காவின்ர சம்பளம், மண்டப வாடகை, போட்டிக்குப் போற பஸ், எல்லாம் அந்தக் காசில இருந்துதான். ஆனால் அதுக்கு ஒரு கட்டுப்பாடு. ஒவ்வொரு வியாழனும் குறைஞ்சது பன்ரெண்டு பேர் வரவேணும். வந்த ஆக்கள் தங்கட கையாலயே வரவு எழுதுற இடாப்பில கையெழுத்து வைக்கவேணும். பன்ரெண்டுக்குக் குறைஞ்சால் காசை நிப்பாட்டிப் போடுவினம்.

கோடையில இருபது பேர் வந்தவை. குளிர் தொடங்கினோடன எட்டாச்சு. மண்டபத்துக்குள்ளதான் ஓடுறது, எண்டாலும் இருட்டுக்க பஸ் பிடிச்சு ஆர் வரப்போறான்? மாசி மாசம் முடியுமட்டும் எப்பிடியாவது ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளையள் எண்டு அக்கா கெஞ்சினா. இடாப்பை என்ர கையில தந்தா. நீ ஓடுறதை விட எழுதுறதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு எண்டு சொல்லிச் சிரிச்சா.

இஞ்சதான் ஒண்டு சொல்லவேணும். எங்கட ஆக்களுக்குள்ள, வராத ஆளுக்குக் கையெழுத்து வைக்கிறது களவு இல்லை, உதவி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பெற்றார் கூட்டத்துக்கு ஒரு வீட்டில இருந்து ஆள் வந்தால் மூண்டு வீட்டுக்குச் சேர்த்துக் கையெழுத்து விழும். என்ர அப்பாவே எத்தினை பேருக்கு வச்சிருக்கிறார். வச்சதுக்கு ஒருத்தரும் கோவிச்சதில்லை. வைக்காட்டித்தான் கோவம். "என்ர பேரையும் ஒருக்காப் போட்டுவிட்டிருக்கலாம்தானே அண்ணை" எண்டு கேப்பினம்.

நானும் போட்டுவிட்டன். எட்டுப் பேர் வந்த நாள் இடாப்பில பதினாலு பேர். நீலப் பேனை, கறுப்புப் பேனை, வலக்கையால கொஞ்சம், இடக்கையால கொஞ்சம். போலந்துப் பெட்டை ஒருத்தி தன்ர கையெழுத்துக்கு மேல சின்ன இதயம் கீறுவாள், அதையும் விடாமல் கீறினன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சின்னனில இருந்து ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு பேர் எடுத்தவன், முதல் தரமா ஒரு இடத்தை விழாமல் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு எனக்குள்ள ஒரே பெருமை, பெரிய புழுகம்.

புழுகம் கூடினால் பஞ்சியும் கூடும். கிழமைக்குக் கிழமை ஆர் இருந்து எழுதுறது எண்டு, தை மாசக் கடைசியில ஒரு சாப்பாட்டு இடைவேளையில, மாசிக்குரிய நாலு தாளையும், வாற ஆக்களின்ர கையெழுத்தும் சேர்த்து, ஒரேயடியா நிரப்பினன். ஒரு கையில கையெழுத்து, மற்றக் கையில கெபாப்.

மாசி ரெண்டாவது வியாழன் மண்டபத்துக்குள்ள தண்ணிக் குழாய் வெடிச்சுது. வரவேண்டாம் எண்டு எல்லாருக்கும் செய்தி வந்தது. நான் போர்வைக்குள்ள கிடந்து போன் பாத்துக்கொண்டிருந்தன். நிரப்பி வச்ச தாள் எனக்கு ஞாபகத்துக்கே வரேல்லை. மாசக் கடைசியில தாளுகளைக் குடுக்க, அக்கா வாசிக்காமலே நாலுக்கும் கீழ தன்ர கையெழுத்தை வச்சா. அவ என்னை நம்பினா, வேற ஒண்டும் இல்லை.

பங்குனியில நகரசபையில இருந்து ஒரு மனிசன் வந்தார். அக்காவையும், இடாப்பு எழுதின ஆள் எண்டு என்னையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டவை. அவர் கத்தேல்லை. ஜெர்மன்காரர் கத்தினால் பயமில்லை, மெல்லமாக் கதைக்கத் தொடங்கினால்தான் பயம். ரெண்டு தாளைப் பக்கத்தில பக்கத்தில வச்சார். ஒண்டு மண்டபக் காவல்காரர் எழுதி வச்ச தாள்: குழாய் வெடிப்பு, நாள் முழுக்கப் பூட்டு. மற்றது என்ரது: அதே நாள், பதினாலு பேர்.

"இந்தப் பதினாலு பேரும் அண்டைக்கு எங்க ஓடினவை?" எண்டு கேட்டார்.

என்ர வாய் இருக்கே, அது என்னைக் கேட்டுத் திறக்கிறேல்லை. "குழாய் வெடிச்சதெண்டால் நீந்தியிருப்பினம்" எண்டுது.

ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவர் அதையும் எழுதினார்.

பிறகு, இந்தக் கையெழுத்துகளை ஆர் வச்சது எண்டு என்னைப் பாத்தே கேட்டார். நான் எண்டு சொல்லத்தான் நினைச்சன். சத்தியமா நினைச்சன். தொழிலை நிப்பாட்டிப் போடுவினமோ, அப்பாவுக்கு என்ன சொல்லுறது, பொலிசுக்குப் போகுமோ எண்டு எல்லாம் ஒண்டாத் தலைக்குள்ள ஓடினது. "எனக்குத் தெரியாது" எண்டு சொன்னன்.

அக்கா அந்தத் தாளையே பாத்துக்கொண்டிருந்தா. விரலால ஒவ்வொரு பேராத் தடவிக்கொண்டு வந்து அந்தச் சின்ன இதயத்தில நிப்பாட்டினா. ரெண்டு நிமிசம் இருக்கும். அந்த ரெண்டு நிமிசமும் நான் பக்கத்தில வாயைத் திறக்காமல் நிண்டனான். பிறகு அவ, "கீழ இருக்கிறது என்ர கையெழுத்து. நான்தான் பொறுப்பு" எண்டா.

ரெண்டு கிழமையில கடிதம் வந்தது. குழுவை மூடியாச்சு. குளிர்காலத்துக் காசைத் திருப்பிக் கட்டவேணும். அக்கா இனி அந்த நகரத்துப் பள்ளிக்கூடம் ஒண்டிலயும் பழக்க ஏலாது. ஆனி மாசப் போட்டிக்குப் பள்ளிக்கூடம் குடுத்த பேர்களையும் எடுத்தாச்சு.

அக்கா சாமான்களை எண்ணி ஒப்படைக்க வந்த அண்டைக்கு நான் போய் உதவி செய்தனான். தடைகள், பாய்கள், குண்டுகள் எல்லாம் தூக்கிக் குடுத்தன். அவ எண்ணி எண்ணித் தாளில குறிச்சா. கடைசிப் பாயைத் தூக்கேக்க, "நீ இடக்கையாலயும் எழுதுவாய், என்ன?" எண்டு கேட்டா. என்னால தலையை நிமித்த முடியேல்லை. அந்த அறையிலயே அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை எண்டு கேக்க எனக்குத் துணிவு வரேல்லை. இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்த நாளே நகரசபைக்குப் போன் எடுத்தன். நேரில சந்திக்க டெர்மின் கிடைக்க ஒன்பது நாள் ஆச்சு. அதே மனிசன். நான்தான் எல்லாம் வச்சது, அக்காவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். வடிவா இருந்து கேட்டார், தண்ணியும் தந்தார். ஆர் எழுதினது எண்டது இனித் தேவையில்லையாம், வாசிக்காமல் கையெழுத்து வச்சது அவவின்ர பிழையாம், முடிவு எடுத்து அனுப்பியாச்சாம். நான் எழும்பேக்க, "அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் வேற மாதிரி எழுதியிருப்பன்" எண்டார். அடிச்சிருந்தால் கூடத் தாங்கியிருப்பன்.

இதை எல்லாம் எரித்திரியாப் பெட்டைக்கு நான்தான் சொல்லவேணும் எண்டு நினைச்சன். பேக்கரிக்குப் பின்பக்கம், அவள் வேலை முடிஞ்சு வாற நேரம் பாத்து நிண்டன். மாப் படிஞ்ச சப்பாத்தோட வந்தாள். நான் எல்லாத்தையும் சொன்னன். பிறகு "அப்ப ஆனி?" எண்டு மட்டும் கேட்டாள். அப்பாவின்ர காரில நான் கூட்டிக்கொண்டு போறன், என்ர காசைக் கட்டிப் பேர் குடுப்பம் எண்டன். பள்ளிக்கூடம் பேர் குடுக்காட்டி ஒருத்தரும் ஓட ஏலாது எண்டு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேற சொல்ல வழியில்லாமல், "உனக்காகத்தான் செய்தனான்" எண்டு சொல்லிப்போட்டன்.

அவள் கத்தேல்லை. "என்னைக் கேட்டனியோ?" எண்டாள். "பன்ரெண்டுக்குக் குறைஞ்சது நாலு பேர்தானே. எங்கட விடுதியில சும்மா இருக்கிற ஆக்கள் எத்தினை பேர். அவையும் எங்கட பள்ளிக்கூடத்தில பாசை படிக்கிற ஆக்கள்தான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். ஓடாட்டியும் நடந்திருப்பினம். ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாம்."

நாலு பேர். எனக்கு அது நினைப்பிலயே வரேல்லை. ஆக்களைக் கூப்பிடுறதை விடப் பேரை எழுதுறது எனக்குச் சுகமா இருந்திருக்கு.

ஆனி மாசம் அந்தப் போட்டி நடந்த சனிக்கிழமை என்னால வீட்டில இருக்க ஏலாமல் போச்சு. பேக்கரிக்குப் போனன். வரிசையில நாலாவது ஆளா நிண்டன். அவள்தான் விற்றுக்கொண்டு நிண்டாள். என்ர முறை வந்தது. ஜெர்மன் பாசையிலயும் எங்கட மாதிரி நீ வேற, நீங்கள் வேற. பெடியள் பெட்டையள் எங்களுக்குள்ள நீ தான். நீங்கள் எண்டு தெரியாத ஆக்களைத்தான் சொல்லுறது. அவள் பாணைப் பையில போட்டு நீட்டி, என்ர முகத்தைப் பாக்காமல், "வேற ஏதும் வேணுமோ உங்களுக்கு?" எண்டு கேட்டாள். கோவம் இருந்திருந்தால் ஒரு பகிடி விட்டுப் பாத்திருப்பன். அவளிட்டக் கோவமும் இல்லை. இல்லை எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்தன்.

அந்தக் கழகம் வேற ஆளை எடுத்திட்டுதாம். அவள் இன்னும் அந்த நாலு பேர் அறையிலதான் இருக்கிறாள் எண்டு கேள்வி. அக்கா எங்க எண்டு தெரியேல்லை. நான் அவுஸ்பில்டுங்கை முடிச்சு அதே கிட்டங்கியில வேலை செய்யிறன், இப்பவும் பகிடி விடுவன், எல்லாரும் சிரிப்பினம். பொய்யாக் கையெழுத்து வச்சதைக் கூட ஒருநாள் மறந்தாலும் மறப்பன், ஆனால் "நான்தான்" எண்ட ஒரு சொல்லு ரெண்டு பேரைக் காப்பாத்தக் கூடிய நேரத்தில சொல்லாமல், ஒருத்தருக்கும் உதவாத நேரத்தில போய்ச் சொன்னதை மறக்க ஏலாது.