கட்டைவிரல் மறைத்த பெயர்

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். காலையில் கழிவறையை ஒரு படம், மதியம் சத்துணவு முட்டையை ஒரு படம் என்று அரசாங்க ஆப்பில் ஏற்றி ஏற்றி, சாக்பீஸைவிட போன்தான் என் கையில் அதிகம் இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு அந்த நோட்டையும் படம் எடுத்தேன்.

'வீட்டில் நான் செய்யும் வேலை' என்று எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாரும் தண்ணீர் பிடித்தார்கள், வாசல் பெருக்கினார்கள். ஒரு பெண் மட்டும், "சாயந்திரம் எங்கள் நைனாவுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். நைனாவுக்கு 'ற' மட்டும் வரவில்லை. என்னிடம் திட்டு வாங்குகிறார்" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். நோட்டில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். என் வகுப்பு எதுவென்று ஊருக்கே தெரியும், அந்தக் கையெழுத்து யாருடையது என்று வகுப்புக்கே தெரியும்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா, அந்த நைனா, வந்தார். கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலை. பள்ளி விடும்வரை வேப்பமரத்தடியில் நின்றிருந்துவிட்டு, பிள்ளைகள் போன பிறகுதான் உள்ளே வந்தார்.

"கம்பெனி பஸ் க்ரூப்புல யாரோ போட்டுட்டாங்க டீச்சர். ஏறினா போதும், 'என்னா, வீட்டுப்பாடம் எழுதிட்டியா'ன்னு சிரிச்சிக்கினு கேக்கறாங்க. இத்தினி நாளு எதுனா படிக்கச் சொன்னா, கண்ணாடி வீட்ல கீதுன்னு சொல்லி சமாளிச்சிக்கினு இருந்தேன்."

ஸ்டேட்டஸிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"அத்தயும் பார்வர்ட் பண்ணுவாங்க டீச்சர், வேணாம்" என்று லேசாகச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அவ உங்ககிட்டதான சொன்னா."

பாடம் தொடர்கிறதா என்று கேட்டேன். "நிறுத்திட்டேன்" என்றார்.

பெற்றோர் க்ரூப்பில் அவர் கோபமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தால் போதும், என் மானம் சத்தியவேட்டிலிருந்து திருப்பதிவரை பஸ் ஏறியிருக்கும். நான் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்யவில்லை. ஷிப்டை விட்டுவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் என்னிடமே சொன்னார். இருபது வருட வேலையில் எனக்கு இவ்வளவு பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. இன்றைக்கும் நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

மகள் அத்தனை தாராளம் இல்லை. மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. கட்டுரை எழுதச் சொன்னால், "பசு ஒரு வீட்டு விலங்கு" என்று நிறுத்திக்கொண்டாள். அது எனக்கு நன்றாக உறைத்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் பார்க்கும்படி போனை பீரோவில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன். முட்டைக்கு மட்டும் எடுப்பேன், உடனே உள்ளே போய்விடும்.

ஒருநாள் மேஜையருகே வந்து நின்றாள். முதலில் பீரோவைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"டீச்சர், ரெண்டு கோடு நோட்டு ஒண்ணு வேணும்."

அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. யாருக்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் இதை இந்த இடம்வரை எழுதியதும், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளுடைய நைனாவைப் போய்ப் பார்த்தேன். படித்துக் காட்டட்டுமா என்றேன்.

"குட்த்துட்டுப் போங்க டீச்சர். நானே படிச்சிட்டு சொல்றேன்."

எட்டு நாள் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் மகள் கொண்டுவந்தாள். ஓரிடத்தில் மட்டும் பென்சில் பட்டிருந்தது. அவள் என்னிடம் பேசாமல் இருந்தது இரண்டு வாரம் என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மேலே 'மூன்று' என்று எழுதியிருந்தார். 'ற' மிகச் சரியாக வந்திருந்தது.