சூட்டறைப் பாண்டிக்கு வரைந்த படம்

மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய காலையில் பாண்டியைக் காணோம். அவர் மனைவி செல்லத்தாய் மட்டும் துணிப்பையோடு எங்கள் லேப் வாசலில் நின்றார். எழுபதுகளின் கடைசி. போடியில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன்.

1. இரண்டு வழி

போடிக்குப் பக்கத்தில் சிலமலை ஊர்க்காரர்கள். பாண்டிக்கு மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பச்சைக்காயைக் காயவைக்கும் சூட்டறைதான் அவர் இடம். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. குறை செல்லத்தாயிடம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. தை பிறந்ததும் மகனுக்கு வேறு பெண் கட்டுவதாகப் பாண்டியின் தாயார் சொல்லிவிட்டார். எங்கள் டாக்டரோ முதலில் பாண்டியைத்தான் சோதித்தார். இரண்டு முறை மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். விந்தணுக்கள் ரொம்பக் குறைவு. பிறகு செல்லத்தாயைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மாத்திரை குடுத்து அணுவைக் கூட்டப் பாக்கலாம். பலன் தெரிய மாசக்கணக்காகும். ஆனா உனக்கு விரைக்கு மேல ரத்த நரம்பு வீங்கியிருக்கு, அதை மாத்திரை இறக்காது. மதுரை பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணலாம். அதுலயும் பிள்ளை நிச்சயம்னு எழுதித் தர முடியாது. இருந்தாலும் உனக்கு அதுதான் பொருத்தம். சூட்டறை வேலையையும் விட்ரு, அந்தச் சூடு அணுவுக்கு ஆகாது."

பாண்டி தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தோம்.

2. ஓட்டம்

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்?" பஸ் ஏற வேண்டிய அன்று லேப் வாசலில் செல்லத்தாயிடம் கேட்டேன்.

"விடியக்காலை ஜீப்புல மேல போயிட்டாருண்ணே. அந்த எடத்துல கத்தி வச்சா அது குடும்பக் கட்டுப்பாடுதானாம். ஸ்டோர்ல சொல்லியிருக்காக. புள்ளை கேக்கப் போயி, உள்ளதையும் தொலைச்சுட்டு வரவாங்கிறாரு."

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் ஆண்களுக்கு அந்த இடத்தில் ஆபரேஷன் என்றால் ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப் ஜீப் வந்தால் ஏலச்செடிக்குள் ஒளிந்தவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3. படம்

ஞாயிற்றுக்கிழமை, பாண்டியின் ஸ்டோர் இருந்த போடிமெட்டுக்கு ஜீப் ஏறினேன். ஸ்டோர் வாசலில் பாண்டியோடு உட்கார்ந்து பென்சிலால் வரைந்தேன். அணு வெளியே வரும் குழாய் ஒன்று. கட்டுப்பாட்டு ஆபரேஷனில் வெட்டுவது அதை. பக்கத்தில் வீங்கிய ரத்தக்குழாய்; இவருக்குக் கை வைப்பது அதில் மட்டும்.

வேர்வையைத் துடைத்தபடி வெகுநேரம் பார்த்தார் பாண்டி.

"அண்ணே, இதை எங்க ஆத்தாட்டயும் சொல்றீகளா? குறை எனக்குத்தான்னு நான் சொன்னா நம்பாது. பொண்டாட்டிக்காகப் பொய் பேசுறேன்னு சொல்லும்."

ஆபரேஷனுக்குப் பயந்த மனிதர் இதற்குப் பயப்படவில்லை.

மறுவாரம் தாயாரையும் செல்லத்தாயையும் லேபுக்கே கூட்டிவந்தார். படத்தைக் காட்டிச் சொன்னேன். தாயார் மகனை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப இவ மேல குறை ஒண்ணும் இல்லையா அப்பு?"

"இல்லம்மா."

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருசமா நான் ஏசுனதெல்லாம் வாங்கிக்கிட்டு நின்னியே ஆத்தா." செல்லத்தாய் அப்போதுதான் அழுதார்.

மதுரைக்கு மூவருமாகப் போய் ஆபரேஷன் முடித்து வந்தார்கள். பாண்டி சூட்டறையை விட்டுக் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு மாறினார். சில மாதம் கழித்து எண்ணியபோது அணுக்கள் கூடியிருந்தன. இரண்டாம் வருடம் பெண் குழந்தை. எல்லோருக்கும் இப்படி அமைந்ததில்லை.

மாத்திரையா ஆபரேஷனா என்பது டாக்டர் பாடு. என் வேலை முடிந்த பிறகும் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்குமுன், "என்ன பயம், சொல்லுங்க" என்பேன். பலர் அப்போதுதான் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.