சுவரோர சீட்

இது நடந்த விஷயம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நானும் முதலில் சிரித்தவன்தான். என்னிடம் சொன்னவள் ஸ்ம்ருதி. துவாரகாவில் எங்கள் சொசைட்டியில் பின்பக்கத்து டவரில் அம்மாவோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ போடுகிற ரகம்.

ராத்திரியில் நடந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே விழித்திருக்கும்போது, ஒரு மாலில் நடந்தது. மாலின் பெயர் வேண்டாம். படத்தின் பெயரும் வேண்டாம், எடுத்தவர்கள் பாவம்.

தமிழ்ப் படத்தைப் பொறுத்தவரை டெல்லி ஒரு குக்கிராமம். பெரிய நடிகர் படம் என்றால் அன்றைக்கே வந்துவிடும். சின்னப் படம் சென்னையில் நாலு தியேட்டர், மதுரையில் ஒன்று, அவ்வளவுதான். அங்கே எல்லோரும் பார்த்து, பேசி, அடித்துக்கொண்டு, மறந்தும் போன பிறகு இங்கே ஏதோ ஒரு மாலில் காலையில் ஒரே ஒரு காட்சி போடுவார்கள். டிக்கெட் போகவில்லை என்றால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள்.

அந்த ஒரு காட்சிக்காகக் காத்திருக்கிற பைத்தியங்கள் எங்கள் சொசைட்டியில் இரண்டு பேர். ஒருத்தி ஸ்ம்ருதி. இன்னொருத்தி வள்ளியம்மை.

வள்ளியம்மைக்குத் திருச்செந்தூர் பக்கம். ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். ஸ்ம்ருதி பிறந்து வளர்ந்ததெல்லாம் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். வீட்டுத் தமிழ் சரளமாக வரும். ஆனால் படத்தில் யாராவது தூத்துக்குடிப் பேச்சு பேசினால் பாதி புரியாது. அதனால் வள்ளியம்மை பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டே வருவாள். அவர்கள் சிநேகிதமே அப்படித்தான் ஆரம்பித்தது. இருட்டில், ஒரு காதும் ஒரு வாயுமாக.

அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி பார்க்கக் கூடாது. திருட்டுப் பிரதியும் கூடாது. படம் எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் சரி.

இந்தப் படம் ஒன்றரை மாதம் காக்க வைத்தது. முதல் தடவை நொய்டாவில் ஒரு காட்சி அறிவித்தார்கள். இவர்கள் மெட்ரோவில் பாதி தூரம் போனபோது ரத்து என்று மெசேஜ் வந்தது. ஸ்கூலில் ஒரு தமிழ் வாத்தியார் ஸ்ம்ருதிக்குத் திருட்டு லிங்க் அனுப்பினார். திறக்காமலே அழித்தாள். பிறகு துவாரகா, ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று தெரிந்த குடும்பத்துக்கெல்லாம் போன் போட்டு, கெஞ்சி, ஆள் சேர்த்து, ஒரு மால்காரரைப் பிடித்து ஜனவரியில் ஒரு ஞாயிறு காலைக் காட்சி வாங்கினாள்.

அந்த வாரம் பார்த்து வள்ளியம்மைக்குச் சென்னையில் ட்ரெயினிங். அங்கே ஒரு தியேட்டரில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க ஓடறதுன்னு போயிடாதேடி," என்றாள் ஸ்ம்ருதி போனில்.

"நீ இல்லாம எனக்கு என்னட்டி படம்?"

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது. "ராத்திரி ஃபிளைட். காலைல நேரா தியேட்டருக்கே வாறேன். நீ உள்ள போயிரு."

ஞாயிறு காலை சரியான மூடுபனி. எதிர் டவர் தெரியவில்லை. ஸ்ம்ருதி போன் போட்டாள், வள்ளியம்மையின் போன் அணைந்திருந்தது. ஃபிளைட் தாமதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தியேட்டரில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். இவர்கள் சீட் கடைசி வரிசை மூலையில். சுவரோரம் இருந்தது வள்ளியம்மை சீட், அடுத்தது ஸ்ம்ருதியுடையது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுவரோர சீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. ஸ்ம்ருதியின் முழங்காலை உரசித்தான் போயாக வேண்டும்.

பத்தேகாலுக்குப் படம் ஆரம்பித்தது. ஸ்ம்ருதி குனிந்து, வெளிச்சம் தெரியாமல் போனை மறைத்துக்கொண்டு, இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். அணைந்தேதான் இருந்தது.

நிமிர்ந்தபோது பக்கத்தில் வள்ளியம்மை உட்கார்ந்திருந்தாள்.

"எப்போ வந்தே?"

"இப்பத்தான்."

மடக்கு சீட்டு அது. உட்கார்ந்தால் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வரும், அன்றைக்கு அது வரவில்லை. குனிந்திருந்தபோது உரசிப் போயிருப்பாள் என்று ஸ்ம்ருதி விட்டுவிட்டாள். வள்ளியம்மை மேலே மெல்லிசான பருத்திக் குர்தா மட்டும் இருந்தது.

"ஸ்வெட்டர் எங்கேடி?"

"குளிரல."

ஜனவரி மாதம். டெல்லி.

படம் உப்பளத்தில் நடக்கிற கதை. உப்பு வாருகிற ஒரு அம்மா. அவளுடைய சின்ன மகன் காணாமல் போய்விடுகிறான். அவள் தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். பேச்செல்லாம் அச்சு அசல் தூத்துக்குடி. வழக்கம்போல வள்ளியம்மை காதில் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்ம்ருதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம், களைப்பு எல்லாம் போய்விட்டது. ஒன்றரை மாதம் காத்திருந்தது இதற்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ இடறியது.

"சோத்த மூடி வையி, பூன வரும்ங்கா," என்றாள் வள்ளியம்மை.

திரையில் அந்த அம்மா அப்போது வாயே திறக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நேரம் போனது. பிறகுதான் திரும்பி மகளிடம் சொன்னாள். "சோத்த மூடி வையி. பூன வரும்."

சும்மா ஊகித்திருப்பாள்.

"இப்ப லாரிக்காரன் வந்து காசு வேண்டாம்பான்."

லாரி வந்தது. காசு வேண்டாம் என்றான்.

"இப்ப இவ சிரிப்பா."

சிரித்தாள்.

ஸ்ம்ருதிக்குக் காது சூடாகிவிட்டது. இதில் ஊகம் எங்கே இருக்கிறது? பார்த்தவள்தான் இப்படிச் சொல்ல முடியும்.

"நீ பார்த்துட்டியா?"

வள்ளியம்மை அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

"வள்ளி, உன்னைத்தான் கேக்கறேன். பார்த்துட்டியா?"

"ம்."

"எப்போ?"

"நேத்து."

நேற்று. அப்படியென்றால் ஆறு மணி மெசேஜை எங்கே நின்றுகொண்டு அனுப்பினாள்? தியேட்டர் வாசலிலா? இங்கே இவள் யார் யார் காலிலோ விழுந்து ஆள் சேர்த்துக்கொண்டிருக்க, அங்கே பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். போனதோடு விடாமல் வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி கதை சொல்கிறாள். அதற்குப் பிறகு படம் ஸ்ம்ருதியின் கண்ணில் ஓடியது, மனசில் ஏறவில்லை. தன்னை ஒரு முட்டாளாக உட்கார்த்தி வைத்துப் படம் காட்டுகிற மாதிரி இருந்ததாம் அவளுக்கு. பக்கத்தில் குரல் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வசனமும் முன்கூட்டியே வந்து விழுந்தது.

இடைவேளை.

லைட் போட்டதும் ஸ்ம்ருதி எழுந்து போய்விட்டாள். வள்ளியம்மை முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. பாத்ரூமில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்து, இவளுக்காக என் படத்தை நான் ஏன் விட வேண்டும் என்று திரும்பி வந்தாள்.

சுவரோர சீட் காலி.

நல்லது, மானம் இருக்கிறது, போய்விட்டாள் என்று நினைத்தாள். உட்கார்ந்தாள். கையிலிருந்த பையை முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் வைத்தாள். ஒரு பூனை போகக்கூட இடம் இல்லை.

லைட் அணைந்தது.

"ஏட்டி..."

இடது காதில். சுவர்ப் பக்கமிருந்து.

ஸ்ம்ருதி பையைத் தொட்டுப் பார்த்தாள். வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. யாரும் தாண்டவில்லை.

தாண்டவே இல்லை.

திரையில் அந்த அம்மா உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். தூரத்தில் மோட்டார் ரூம். பூட்டிய கதவு. அவள் கிட்டே போகிறாள்... பூட்டைக் கல்லால் அடிக்கிறாள்...

டங்.

டங்.

பக்கத்தில் வசனம் நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

டங்.

"அவ என்னட்டி சொல்லுதா?" என்றது குரல்.

எப்போதும் ஸ்ம்ருதிதான் அதைக் கேட்பாள். வள்ளியம்மை கேட்டதே இல்லை.

"நீதான் பார்த்துட்டியே."

"இது பாக்கல."

"நேத்து பார்த்தேன்னே."

"இந்தக் கதவு வரைக்குந்தான்..."

மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. ஜில்லென்று இல்லை. சூடாகவும் இல்லை. மரக்கட்டையைத் தூக்கி மேலே வைத்த மாதிரி இருந்தது.

"உள்ள என்ன இருக்குட்டி?"

ஸ்ம்ருதி திரும்பினாள்.

திரை முழுக்க உப்பு. பளீரென்ற வெள்ளை. முன் வரிசைத் தலைகள், சுவர், தன் கை... எல்லாம் அந்த வெளிச்சத்தில் பட்டப்பகலாகத் தெரிந்தது. வள்ளியம்மை முகம் மட்டும் இருட்டாக இருந்தது. அதில் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம். இந்தத் திரையின் வெளிச்சமே இல்லை அது. வேறு எங்கேயோ, வேறு ஒரு திரையின் வெளிச்சம். அசையாமல் நின்றது.

கண் திறந்திருந்தது.

இமைக்கவில்லை.

"சொல்லுட்டி..."

ஸ்ம்ருதி கையை உதறினாள். எழுந்தாள். பை கீழே விழுந்தது.

"போவாத. முடிவச் சொல்லிட்டுப் போ."

ஓடினாள்.

பின்னால், திரையில், பூட்டு உடைகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

வெளியே மாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன. ஸ்ம்ருதி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட் பையில் போன் அதிர்ந்தது. சென்னை நம்பர். வள்ளியம்மையின் அண்ணன் வடிவேல்.

"ஸ்ம்ருதியாம்மா? வள்ளி போயிட்டாம்மா," என்றார்.

நேற்று சாயங்காலம் ஆறரைக் காட்சி. தனியாகப் போயிருக்கிறாள். இடைவேளையில் பக்கத்து சீட் அம்மாவோடு நன்றாகப் பேசியிருக்கிறாள். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தாளாம். பெருக்க வந்த அம்மா தோளைத் தொட்டாள். சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மீதிப் படம் முழுக்கக் கண்ணைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆபீஸ் அடையாள அட்டையை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கக் காலை ஆகிவிட்டது.

ஸ்ம்ருதி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ராத்திரி ஃபிளைட்டுக்குக் கிளம்பறதா சொன்னாளே, அண்ணா?"



"இல்லையேம்மா. டிக்கெட்ட புதன்கிழமைக்கு மாத்திட்டாளே. வெள்ளிக்கிழமையே மாத்திட்டா. ஒங்கிட்ட சொல்லலையா?"

ஆக, அவள் வருவதாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வருகிற எண்ணமே அவளுக்கு இருந்ததில்லை. நேரா வாறேன் என்றது பொய். உயிரோடு இருந்திருந்தால் வந்திருக்க மாட்டாள்.

இதைச் சொல்லும்போது ஸ்ம்ருதி அழவில்லை. சாவுக்கும் அழவில்லையாம். "கோபம் போனாத்தானே அழுகை வரும்?" என்றாள் என்னிடம். "எத்தனையோ நாள் என் காதுல பேசினவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நான் வரலை'ன்னு சொல்லியிருக்கலாம்." அவள் அம்மா வத்சலா மாமி உள்ளேயிருந்து, "போறும்டி, விடு," என்றாள். ஸ்ம்ருதி விடவில்லை. அந்தப் படத்தின் முடிவு அவளுக்கு இன்றுவரை தெரியாது. யாரையும் சொல்ல விடமாட்டாள்.

அன்றைக்கு விட்டுவிட்டு வந்த பையை வாங்க இரண்டு வாரம் கழித்து மாலுக்குப் போனாள். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆகவே இனிமேல் சொல்வதை நானே என் காதால் கேட்டேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மா, நாற்பது வயசிருக்கும், உத்தராகண்ட் பக்கம். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்ம்ருதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். பையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு எங்களை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி ஹிந்தியில் கேட்டாள்.

"மேடம், அந்த மூலை சீட்டுல நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? அதுக்கப்புறம் ஓடுறதெல்லாம் ஹிந்திப் படம். ஆனா அங்க உட்கார்றவங்க இடைவேளைக்கு அப்புறம் எழுந்து வந்துடறாங்க. சுவர்ப் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பளை ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கான்னு புகார் சொல்றாங்க. நேத்து நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் கேட்டுது. எங்க பாஷை இல்ல. உங்க பாஷையான்னு பாருங்க..."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். குழந்தை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, அர்த்தம் தெரியாமல் சொன்னாள்.

"உல்லே... என்னா... இருக்கு... ட்டி."